சாம்பிராணிக்குத் தப்பிய இருவர்

மே மாதத்தில் ஒரு பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் அது பெயிலான பிள்ளை என்று எங்கள் தெருவில் அர்த்தம். ஆறாம் வகுப்பு முடிந்த கோடையில் நான் சிறப்பு வகுப்புக்குப் புறப்பட்டபோது, இரண்டாவது ராங்க் வாங்கியிருந்த என்னைப் பார்த்து நாலு வீட்டுப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். "கணக்குலயா, இங்கிலீஷ்லயா?" என்று எதிர்வீட்டு அக்கா துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாள். என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் சொம்போடு நிமிர்ந்தாள். "இது பாஸான பசங்களுக்கு நடத்தற கிளாஸ். உம் பையனைக் கூப்புட்டாங்களா?" என்றாள். எதிர்வீட்டு அக்காவின் மகன் உண்மையிலேயே கணக்கில் பெயில். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

எழுபதுகளின் கடைசி அது. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்திருந்த சயின்ஸ் டீச்சரும், எங்கள் பள்ளியிலேயே தலை நரைத்துப்போன வரலாற்று சாரும் சேர்ந்து ஹெட்மாஸ்டரை எப்படியோ கரைத்து அந்த வகுப்பைத் தொடங்கியிருந்தார்கள். காலையில் அறிவியல். செடி, பூச்சி, வானம், இவற்றில் ஏதாவது ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம் போடலாம், ஊர்க்கதை சேகரிக்கலாம், இல்லையென்றால் தெருத்தெருவாக அளந்து ஊருக்குப் படம் வரையலாம். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று எல்லாரும் இரண்டு எடுத்தே தீரவேண்டும். பரீட்சை கிடையாது. "பரீட்சை இல்லன்னா பாஸா பெயிலான்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் அப்பா.

அப்பாவின் உண்மையான கவலை வேறு. லீவு விட்டால் அப்பாவின் பட்டுத்தறிக்குத் தார் சுற்றுவது என் வேலை. ஊடைப் பட்டுநூலை ராட்டையில் வைத்துச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுத்தால்தான் அது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகும், அப்பா நெய்ய முடியும். நான் பள்ளிக்குப் போய்விட்டால் தறி நின்றுவிடும் என்று அவர் சொன்னார். அத்தை குறுக்கே வந்தாள். "நான் சுத்தறேன். எங்கை இன்னா பூ கட்டிகினா கெடக்குது?" என்றாள். அத்தையின் கைக்கு எங்கள் தெருவில் ஒரு பெயர் உண்டு. சிக்கிப்போன பட்டு நூல்கண்டில் நுனி தொலைந்துவிட்டால் நாலு வீட்டிலிருந்தும் அத்தையிடம்தான் கொண்டுவருவார்கள். அவள் எங்கேயோ பார்த்து ஊர்வம்பு பேசிக்கொண்டே விரலால் தடவி நுனியை எடுத்துவிடுவாள்.

வானம் எடுத்தால் இருட்டின பிறகு வரவேண்டும் என்றார்கள், வீட்டில் விடமாட்டார்கள். செடிக்கு லத்தீன் பெயர் மனப்பாடம் செய்யவேண்டும் என்று யாரோ புரளி கிளப்பிவிட்டிருந்தார்கள். ஆகவே எனக்குப் பூச்சி வாய்த்தது. மத்தியானத்துக்குத் தெருப் படம் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டீச்சர் ஒரு மூங்கில் தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இலைமேல் விரல்கணு நீளத்தில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. இது என்ன என்று கேட்டார். இருபது பேருக்குமேல் இருந்தோம், முக்கால்வாசிப் பேர் தறிவீட்டுப் பிள்ளைகள். ஒருவருக்கும் தெரியவில்லை. "முருங்கை மரத்துப் புழு டீச்சர்" என்றான் ஒருவன். "கத்திரிக்கா புழு" என்றேன் நான், எல்லாம் தெரிந்த மாதிரி. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். "ஆரணியில பொறந்துட்டு இதுங்களைத் தெரியலையா? உங்க வீட்டுக்கெல்லாம் நூல் குடுக்கறது இவங்கதான்" என்றார். எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. பட்டு எங்களுக்குப் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து முறுக்கின நூலாக வரும். அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

டீச்சரின் தம்பி ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு பட்டுப்பூச்சித் தோட்டத்தில் வேலை பார்த்தார். அங்கிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஈரச் சாக்கில் புழுக்கள் தின்னும் முசுக்கொட்டை இலை பஸ்ஸில் வந்து இறங்கும். ஆளுக்குப் பன்னிரண்டு புழு, ஒரு அட்டைப்பெட்டி, ஒரு நோட்டு. வளர்க்க வேண்டும், தினமும் எழுத வேண்டும். வகுப்பின் கடைசி நாள் பெற்றோர்களை அழைத்து விழா. அன்றைக்கு எங்கள் குழு, ஒரே ஒரு கூட்டிலிருந்து நூலை உருவி அளந்து, அந்த நீளத்தைத் தெருப் படத்தின்மேல் வைத்துக் காட்ட வேண்டும். இரண்டு குழுவிலும் இருந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று பணிவுக்காகச் சொல்கிறேன். நானே கையைத் தூக்கி, பெஞ்சுமேல் ஏறி நின்று கேட்டு வாங்கினேன்.

நோட்டு எழுதுவதற்கு டீச்சர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். முதல் நாளே, 'பூச்சிகள் சந்தோஷமாக இலை தின்றன' என்று எழுதிக்கொண்டுபோனேன். சிவப்பு மையால் 'சந்தோஷமாக' என்பதை அடித்துவிட்டு, "சந்தோஷத்தை நீ பாத்தியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மற்ற வரிகளுக்குப் பக்கத்தில் அழகாக டிக் போட்டார். அந்த டிக்குகளுக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

வெயிலில் புழு தாங்காது, வீட்டில் குளிர்ச்சியான இடமாகப் பார்த்து வை என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் குளிர்ச்சியான இடம் தறிக்குழிதான். குழி ஓரத்தில், அப்பாவின் காலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தேன். "ஐயே, புழுவையா வூட்டுக்குள்ள கொண்டாந்த?" என்று அத்தை முதலில் கத்தினாள். பட்டு இதிலிருந்துதான் வருகிறது என்று சொன்னதும் அவள் முகம் மாறிப்போனது. உள்ளே போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்து, பெட்டியின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இத்தினி வருசமா நமக்குச் சோறு போட்டுகினு இருந்தது நீங்கதானா?" என்று புழுக்களிடமே கேட்டாள். பெட்டியின் நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். அப்பா கண்டுகொள்ளாதவர்போல நெய்துகொண்டிருந்தார். ஆனால் புழுக்கள் கொஞ்சம் வளர்ந்து, இலையைக் கடிக்கும் சத்தம் தூறல் மாதிரிக் கேட்கத் தொடங்கிய அன்று, அவர் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பெட்டியைக் காட்டினேன். அதன் பக்கத்தில் அரை மணி நேரம் குந்திக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை தறிக்குச் சாம்பிராணி காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். வழக்கம்போல அத்தை தூபக்காலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தறிக்குக் காட்டினாள், ராட்டைக்குக் காட்டினாள். பிறகு, பட்டுக்கே இவ்வளவு மரியாதை என்றால் அதைக் கொடுக்கிற புண்ணியவான்களுக்கு எவ்வளவு செய்யவேண்டும் என்று யோசித்திருக்கிறாள். பெட்டிக்குள் தூபக்காலைப் பிடித்து, புகை வீணாகப் போகாமல் மேலே தன் முந்தானையால் மூடியும் வைத்தாள். நான் பள்ளியிலிருந்து வந்து பார்த்தபோது புழுக்கள் வாயில் பச்சையாக ஏதோ வடியக் கிடந்தன. பட்டுப்புழுவுக்குப் புகை ஆகவே ஆகாது என்று எங்களுக்கு யார் சொன்னது? மறுநாள் காலைக்குள் பத்து போய்விட்டது.

நான் தெருவே கூடுகிற மாதிரி அழுதேன். அத்தை அழவில்லை, சாப்பிடவுமில்லை. ஒரு நாள் முழுக்க ராட்டைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்து அத்தை எழுந்து நின்றாள். டீச்சர் என்னிடம், "நடந்ததை எழுதினியா?" என்று மட்டும் கேட்டார். எழுதியிருந்தேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டச் சொன்னாள். "அத்தை சாம்பிராணி போட்டாள். பத்து புழுக்கள் செத்தன" என்று படித்தேன்.

"எம்பேரைப் போட்டியா?"

"இல்ல, அத்தைன்னுதான் போட்டேன்."

"அது போதும், ஊருக்கே தெரியும்" என்றாள் அத்தை. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அத்தைக்கும் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவள் ஒரு வாய் சாப்பிட்டாள்.

மிச்சமிருந்த இரண்டுக்கும் நான் பெயர் வைத்தேன். பெரியது குண்டு. ஒரே இலையில் நாளெல்லாம் கிடப்பது சோம்பேறி. அதன்பிறகு அத்தை செய்த காவல் இருக்கிறதே, கோட்டைக்குக்கூட அப்படிக் காவல் இருந்திருக்காது. அப்பாவின் பீடி தெருமுனைக்குப் போயிற்று. ஊதுவத்தி அலமாரிக்குள் போயிற்று. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் அத்தை சுவரைத் தட்டி, "இன்னாமே, எங்க வூட்ல புள்ளைங்க இருக்குது தெரியாதா?" என்று சண்டைக்குப் போனாள். பஸ் தாமதமாகி இலை வராத ஒரு நாள் அப்பா தறியை நிறுத்திவிட்டு, சைக்கிளில் போளூர் வரைக்கும் போய் எதிரே வந்த பஸ்ஸிலிருந்து சாக்கை வாங்கிக்கொண்டு வந்தார். கேட்டால், "அந்தப் பக்கம் ஒரு வேல இருந்துச்சி" என்றார்.

குண்டுவும் சோம்பேறியும் தலையைத் தூக்கி ஆட்டத் தொடங்கின. உலர்ந்த குச்சிகளைப் பெட்டியில் போட்டோம். மூன்று நாளில் இரண்டும் தங்களைச் சுற்றி மங்கிய மஞ்சள் நிறத்தில் கூடு கட்டி மறைந்துபோயின. வீட்டில் எல்லாரும் மாறிமாறி வந்து பார்த்தோம். "சாயம் போடாமயே மஞ்சளா வந்திருக்குது பாரு" என்று அப்பா தன்பாட்டுக்குச் சொன்னார். முப்பது வருஷமாகப் பட்டைக் கையில் பிடித்தவர், அது உண்டாவதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

அடுத்த பாடத்தில்தான் இடி விழுந்தது. நூலை அறுபடாமல் எடுக்கவேண்டுமென்றால், பூச்சி வெளியே வருமுன் கூட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடவேண்டும் என்றார் டீச்சர். "உள்ள இருக்கறது?" என்று கேட்டேன். டீச்சர் பொய் சொல்கிறவர் இல்லை. சொன்னார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "ஒரு சேலைக்கு எத்தினி பூச்சி சாவும்?" என்று கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ரசத்தைப் பார்த்தார். "சாப்புடு" என்றார். நான் கூட்டைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெட்டியை என் துணிப்பெட்டிக்குள் ஒளித்துவைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் விழாவில் நூல் எடுத்துக் காட்டாமல் இருக்கவும் என்னால் முடியாது. பெஞ்சுமேல் ஏறிக் கேட்டு வாங்கியது நான். வரலாற்று சார் பத்து சார்ட்டை ஒட்டி ஊர்ப் படத்தைத் தயாராக வைத்திருந்தார். மற்ற பிள்ளைகளின் புழுக்களெல்லாம் கூடு கட்டுமுன்பே எறும்புக்கும் வெயிலுக்கும் பலியாகியிருந்தன, மிஞ்சியவை என்னுடையவை மட்டும். பூச்சியும் பிழைக்கவேண்டும், நூலும் வேண்டும். இரண்டும் வேண்டுமென்று இரண்டு நாள் அழுதேன்.

அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பூச்சி வெளிய போனப்புறம் கூட்டை எடுத்துக்கலாம். அதுவரிக்கும் யாரும் தொடமாட்டோம். போதுமா?" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். "அப்போ நூலு அறுந்துடாதா?" என்றேன். "எங்கையில எது அறுந்திருக்குது?" என்றாள். நான் துணிப்பெட்டியைவிட்டு இறங்கினேன்.

விழா நாள் காலையில் அத்தை என்னை உலுக்கி எழுப்பினாள். "ஜல்தி வா, ஜல்தி வா, வந்துட்டாங்க!" ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டியில் ஓட்டை விழுந்த கூட்டின்மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. சோம்பேறி. பெயருக்கேற்றபடி, இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தையே சுற்றிச்சுற்றி வந்ததே தவிர, எழும்பவில்லை. குண்டு எங்கே என்று கேட்டேன்.

"அது விடியறப்பவே வந்துடுச்சி. நீ தூங்கிகினு இருந்த. ஜன்னல் வழியா அப்பிடியே எழும்பி, அதோ, அந்தப் புளியமரத்துக்கு மேல ஆத்துப் பக்கமா பறந்துடுச்சி."

குண்டுவின் கூட்டை அத்தை கையில் வைத்திருந்தாள். அதில் ஓட்டையே இல்லையே என்றேன். "கதவு மாதிரித் தள்ளிகினு வந்துச்சி, அப்புறம் மூடிகிச்சி" என்றாள். அம்மா இட்லித் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆமா" என்றாள். நீ பார்த்தியா என்று அப்பாவைக் கேட்டேன். "நான் தறியில இருந்தேன். ரெக்கச் சத்தம் மட்டும் கேட்டுச்சி" என்றார். கூட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கக் கேட்டேன். அத்தை தரவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் வாசலுக்கு ஓடிப்போய் புளியமரத்தைப் பார்த்துக் கையாட்டினேன்.

பள்ளிக்குப் போனதும் டீச்சரிடம் ஓடினேன். "டீச்சர், குண்டு பறந்துடுச்சி! சாவலை!" டீச்சர் என் தலைக்குமேலே அத்தையைப் பார்த்தார். அத்தை வெந்நீருக்காகக் கொண்டுவந்திருந்த ஸ்டவ்வுக்குக் காற்றடிப்பதில் மும்முரமாக இருந்தாள். "அப்படியா?" என்றார் டீச்சர். "நோட்டுல எழுதிட்டியா?" என்று கேட்டார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 'குண்டு பறந்து போனது.' டீச்சர் பேனாவைத் திறந்து சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பக்கத்தில் டிக் போட்டார். நோட்டிலேயே பெரிய டிக் அதுதான்.

அன்றைய விழாவைப்போல ஒரு விழாவை நான் அப்புறம் பார்க்கவில்லை. பெற்றோர்கள் மட்டுமில்லை, எங்கள் தெருவே வந்து ஹால் நிறைய ஜனம். நாடகத்தில் ராஜாவாக வந்தவன் தலையிலிருந்து கிரீடம் கழன்று முன்வரிசையில் ஹெட்மாஸ்டர் மடியில் விழுந்தது. அடுத்து நாங்கள். அப்பா சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டுவந்த ராட்டையை மேடையில் வைத்தார். வெந்த கூட்டைக் கிண்ணத்து வெந்நீரில் மிதக்கவிட்டு, டீச்சர் விளக்குமாற்றுக் குச்சியால் நுனியைத் தேடினார். பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து வந்ததே தவிர நுனி வரவில்லை. புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிட்ட காரியம் அது. இரண்டாம் தடவையும் வரவில்லை. பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தள்ளுங்க டீச்சரம்மா" என்று அத்தை மேடையேறினாள். இடது கையால் கூட்டை மூடிக்கொண்டு, வலது கை விரலால் இரண்டு தடவு தடவினாள். பார்வை முழுக்க ஜனங்கள்மேல். கையை மேலே தூக்கினாள். விரலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லாததுபோலத்தான் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் ஒரு இழை மின்னியது.

இழையை ராட்டைச் சக்கரத்தில் ஏற்றி நான் சுற்றினேன். பிள்ளைகள் சுற்றுகளை எண்ணினார்கள். நூறு வந்ததும் அப்பாக்களும் சேர்ந்துகொண்டார்கள். இருநூற்றுச் சொச்சத்தில் இழை அறுந்து, ஹாலே "ஐயோ" என்றது. அத்தை விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு முறுக்கு முறுக்கினாள், அவ்வளவுதான், எண்ணிக்கை தொடர்ந்தது. ஐந்நூறு வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஐந்நூற்று இருபத்தெட்டில் முடிந்தது. கிண்ணத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் அத்தை அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தென்னைமரத்தடியில் ஊற்றிவிட்டாள். ஒரு சுற்று ஒன்றரை மீட்டர். எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீட்டர் என்று நான் கத்தினேன். வரலாற்று சார் அதைப் படத்தின் அளவுக்குச் சுருக்கி, சணல் கயிற்றை எங்கள் வீட்டு வாசலில் வைத்துப் பிடித்தார். கயிறு எங்கள் தெருவைக் கடந்து, ரைஸ் மில்லைக் கடந்து, பஸ் ஸ்டாண்டு சோடாக்கடையில் போய் நின்றது. "ஒரு பூச்சியா? சோடாக்கடை வரிக்குமா?" என்று எதிர்வீட்டு அக்கா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்படித்தான் பேச்சு திரும்பி வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா எங்கள் எல்லாருக்கும் அந்தக் கடையிலேயே சோடா வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பல வருஷங்கள் வீட்டுக்குள் எந்தப் பூச்சி பறந்து வந்தாலும், "உங்குண்டு வந்துகினு இருக்குது பாரு" என்று அத்தை கூப்பிடுவாள். நானும் ஓடுவேன்.

கல்லூரியில் விலங்கியல் எடுத்தேன். இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள், பட்டுப்பூச்சியை மனிதன் தலைமுறை தலைமுறையாக வீட்டில் வளர்த்ததில் அதற்குப் பறக்கும் சக்தியே போய்விட்டது, இறக்கையை அடிக்குமே தவிர எழும்பாது என்று பேராசிரியர் சொன்னார். நான் எழுந்து நின்றேன். "பறக்கும் சார். எங்க வீட்டுல ஒண்ணு பறந்துச்சு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நீ கண்ணால பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார், எங்க அத்தை பாத்தாங்க" என்று சொல்லிவிட்டு, அப்படியே நின்றேன். பத்துப் புழுவைத் தெரியாமல் கொன்றதற்கு ஒரு நாள் முழுக்கச் சோறு தொடாமல் கிடந்தவள் அவள். பதினோராவதை எனக்காகத் தெரிந்தே வெந்நீரில் போட்டிருக்கிறாள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ரெக்கச் சத்தம் கேட்ட அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. 'சந்தோஷமாக' என்ற ஒரு சொல்லைக்கூட விடாமல் அடித்த டீச்சர், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, அந்த வரிக்கு டிக் போட்டிருக்கிறார்.